என்ஜின் உன்னுடையது, சீட் என்னுடையது

கென்னட் ஸ்கொயர், பென்சில்வேனியா
23 பிப்ரவரி 1997

என் கறுப்பி சொரைதாவுக்கு,

புத்தாண்டு அன்று போனில் அவ்வளவு கத்திவிட்டு, "இனிமே போன் பண்ணாத, சொல்றத எழுது" என்று வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். நாள் முழுக்கக் காளான் அறுத்த கை. எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

இங்கே பனி இன்னும் விடவில்லை. காளான் கொட்டகைக்குள் பகலிலும் இருட்டுத்தான். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அறுக்கிறோம். எத்தனை சோப்புப் போட்டாலும் எரு வாடை போகமாட்டேன் என்கிறது. தூங்கும் இடத்தில் எட்டுப் பேர், எட்டுப் பேரும் குறட்டை.

வண்டி எப்படி இருக்கிறது? வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்கிறாயா? மறுபடி சொல்கிறேன், அது ஊரில் ஓடுகிற மற்ற கொரோலா மாதிரி இல்லை. வெளியே கொரோலா, உள்ளே நான் மாற்றி வைத்த ரோட்டரி என்ஜின். ஸ்டார்ட் செய்தால் நன்றாகச் சூடாகும்வரை ஓட விட வேண்டும். சூடாகும் முன்னால் அணைத்தால் உள்ளே பெட்ரோல் தேங்கி மூழ்கிவிடும். அப்புறம் அந்தோணியாரே வந்து சாவி போட்டாலும் எழுந்திருக்காது. உறையைச் சரியாக மூடு. யாதிரா செருப்புக் காலோடு உள்ளே ஏறக் கூடாது. நீயும் எங்கேயும் எடுத்துக்கொண்டு போகாதே.

ஜூனில் அந்தோணியார் திருவிழா. பேஸ்பால் மைதானத்தில் கார் கண்காட்சி நடக்கும்போது நான் அங்கே இருப்பேன், சத்தியம். இந்தத் தடவை பெரிய கோப்பை நமக்குத்தான். மூன்று வருஷமாக அந்தக் குருட்டு நடுவர்கள் "உள் அலங்காரம்" என்று சொல்லி சீட்டுக்காக ஒரு சின்னக் கோப்பையைக் கையில் திணித்து அனுப்புகிறார்கள். என்ஜினுக்கு உயிரை விட்டவனுக்கு மெத்தைக்குப் பரிசு. நம் கார் கிளப் பையன்கள் சிரிக்கிறார்கள்.

படுக்கைக்கு மேலே சுவரில் வண்டியின் படத்தை ஒட்டியிருக்கிறேன். மற்றவர்கள் பொண்டாட்டி படம் ஒட்டியிருக்கிறார்கள். என் படத்தைத்தான் எல்லாரும் வந்து பார்க்கிறார்கள்.

உன் எரிபெர்த்தோ


இசபெலா, புவெர்த்தோ ரிக்கோ
9 மார்ச் 1997

எரிபெர்த்தோ,

நீ "கறுப்பி" என்று தொடங்கினாலே ஏதோ வேலை வைக்கப் போகிறாய் என்று அர்த்தம். கல்யாணமாகி எட்டு வருஷமாகிறது, எனக்குத் தெரியாதா?

வண்டி நலம். அதைத்தான் முதலில் கேட்டாய், அதனால் முதலில் சொல்கிறேன். யாதிராவும் நலம். அவளை நீ கேட்கவே இல்லை. செருப்பை மட்டும் கேட்டாய்.

இப்போதுதான் நலம். போன செவ்வாய்க்கிழமை அவளுக்கு நெருப்பாகக் காய்ச்சல். ஷேர் வேன் வரவில்லை. மழை கொட்டுகிறது. ஆறு வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரிய ரோடுவரை நடந்து, கை காட்டிக் கை காட்டிக் கடைசியில் ஒரு கோழி லாரிக்காரன் ஏற்றிக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தோம். போர்ட்டிகோவில் உன் வண்டி உறை போர்த்திக்கொண்டு ஒரு சொட்டு ஈரமில்லாமல் படுத்திருக்கிறது. அதன் முன்னால் நின்று அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

மெத்தைக்குப் பரிசு என்கிறாய். அந்த மெத்தையை யார் தைத்தது? பகலெல்லாம் தொழிற்சாலையில் ராணுவச் சட்டைக்குக் காலர் தைத்துவிட்டு வந்து, வெள்ளை ரெக்ஸினில் கட்டம் கட்டமாக ஒயின் கலர் நூல் ஓட்டினேன். உன் என்ஜின் சத்தத்துக்கு ஊர் காதைப் பொத்திக்கொள்கிறது. என் சீட்டுக்குத்தான் கோப்பை வந்தது. மூன்று கோப்பையும் உன் பேரில் அலமாரியில் நிற்கின்றன. தூசி தட்டுவது மட்டும் நான்.

அந்தப் படத்தில் வண்டிக்குப் பக்கத்தில் நானும்தான் நின்றேன். நீ ஒட்டிய சுவரில் நான் இருக்கிறேனா?

சொரைதா


கென்னட் ஸ்கொயர்
6 ஏப்ரல் 1997

சொரைதா,

என் செல்லத்துக்கு இப்போது எப்படி இருக்கிறது? முதலில் அதைக் கேட்டுவிட்டேன், பார்த்துக்கொள்.

படத்தில் நீ இருக்கிறாய். ஒரு பக்கம் மடித்திருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்துப் படுக்கைக்காரன் காலண்டர் மாட்டி இடத்தை அடைத்துவிட்டான். வண்டியை மடிக்க முடியாது இல்லையா. உன் கை தெரிகிறது.

கெட்ட சேதி ஒன்று. ஜூனில் வர முடியாது. லீவு கேட்டேன். மேஸ்திரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போறதுன்னா போ. உன் படுக்கைக்கு ஆள் ரெடியா இருக்கு" என்றான். நான் என்ன செய்வேன்? சத்தியம் செய்ததை ஞாபகப்படுத்தாதே. எனக்கே வயிறு எரிகிறது.

ஆனால் வண்டி போயாக வேண்டும். எந்த கிளப்பிலிருந்து அதிக வண்டி வருகிறதோ அந்த கிளப்புக்குத் தனிக் கோப்பை உண்டு. என் வண்டி இல்லாமல் நம் கிளப் தோற்றால் நான் ஊரில் தலை காட்ட முடியாது. தலைவர் தோன்யோவிடம் பேசிவிட்டேன். அவன் வந்து கேட்பான், சாவியைக் கொடு. என் பேரில் பதிவு செய்து அவனே ஓட்டிக்கொண்டு போவான். சூடாகாமல் அணைக்கக் கூடாது என்பதை அவனுக்கும் ஒருமுறை சொல்லிவிடு. ரோட்டரியிலேயே பிறந்து வளர்ந்தவன்தான், ஆனாலும் சொல். நீ வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

எரிபெர்த்தோ


இசபெலா
4 மே 1997

எரிபெர்த்தோ,

தோன்யோ வந்தான். வாசலிலேயே நின்றுகொண்டு, "சொரைதா, சாவியக் குடு. எரி சொல்லிட்டான்" என்றான்.

"எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலையே."

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? அவன் வண்டி."

"உள்ள வந்து காப்பி குடிச்சிட்டுப் போ. சாவி கெடையாது."

காப்பி குடித்தான். உன் கடிதத்தில் அந்த மூழ்கும் சமாச்சாரத்தைப் படித்துக் காட்டினேன். தலையாட்டினான். போகிற போக்கில் சும்மா பார்க்கிறேன் என்று உறையைத் தூக்கினான். எழவு வீட்டுக்குள் நுழைந்தவன் மாதிரி குரலைத் தாழ்த்தி, "சீட்டுல பிஸ்கட் தூளு கெடக்கு" என்றான். "ஆமா, யாதிராவுக்குக் காலைல பசிக்கும்" என்றேன்.

மற்றவர் வாயால் நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நான் தினமும் உன் வண்டியில்தான் வேலைக்குப் போகிறேன். காய்ச்சல் வந்த மறுவாரமே என்னோடு வேலை செய்கிற மிலாக்ரோஸ் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். கடற்கரை ரோட்டில் பழகினேன். முதல் நாள் நடு ரோட்டில் அணைந்து போய், பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தே கொன்றுவிட்டான். இப்போது அணைவதில்லை. சூடாகும்வரை காத்திருக்கிற நேரத்தில் யாதிராவுக்குத் தலை வாரி முடித்துவிடுகிறேன். நீ சொன்னதை அப்படியே கேட்கிறேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

கண்காட்சிக்கு நானே கொண்டுபோகிறேன், என் பேரில். உன் கிளப்புக்கு ஒரு வண்டி குறையாது, கவலைப்படாதே.

சொரைதா


கென்னட் ஸ்கொயர்
18 மே 1997

சொரைதா,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது.

அது என் வண்டி. என்ஜினை இறக்கி, பிரித்து, பூட்டி, மறுபடி இறக்கி, ஒவ்வொரு ஞாயிறும் நான் முதுகு ஒடிந்தது சட்டைக்குக் காலர் தைப்பவளைத் தொழிற்சாலை வாசலில் கொண்டு இறக்குவதற்கு இல்லை. அங்கே தகரக் கூரைக்கு அடியில் நிறுத்துகிறாயா, வெயிலிலா? பெயின்ட் என்ன ஆவது? பிஸ்கட்டா? இங்கே குளிரில் நான் யாருக்காகச் சாகிறேன்?

உறையைப் போட்டு மூடு. தோன்யோவிடம் சாவியைக் கொடு. உன் பேரில் பதிவு செய்தால் நடுவர்கள் பெண்கள் பிரிவில் தள்ளிவிடுவார்கள். என் ரோட்டரி பெண்கள் பிரிவில் நிற்பதை நான் கேள்விப்படக் கூடாது.

அது பந்தய கிளட்ச். ஆம்பிளைக்கே கால் போய்விடும். உன் கால் வலிக்கவில்லையா?

எரிபெர்த்தோ


இசபெலா
17 ஜூன் 1997

எரிபெர்த்தோ,

கால் வலித்தது. முதல் இரண்டு வாரம் இரவில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்தேன். கேட்டாயே, அதற்கு நன்றி. மற்றதற்கு இல்லை.

தோன்யோ உனக்குப் போன் செய்து அவன் கதையைச் சொல்லியிருப்பான். நடந்ததை நான் சொல்கிறேன்.

ஞாயிறு காலையில் கிளப் வண்டிகள் எல்லாம் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டு மைதானத்துக்குப் போனோம். நான் நடுவில். வண்டிக்கு முன்தினமே மெழுகு போட்டிருந்தேன், பிஸ்கட் தூள் ஒன்றுகூட இல்லை. பதிவு மேசையில் இருந்தவர் என்னைப் பார்த்ததும், "பெண்கள் பிரிவுல போட்டுடறேம்மா, போட்டி கம்மி" என்றார். "வண்டி ஆம்பளையா பொம்பளையானு பாத்தா போடறீங்க? உள் அலங்காரத்துல போடுங்க" என்றேன். போட்டார். ஆக அந்த விஷயத்தில் உன் மானம் தப்பித்தது.

நீங்கள் செய்கிற மாதிரியே பானெட், டிக்கி, கதவு எல்லாம் திறந்து வைத்து, வண்டியின் அடிப்பக்கமும் தெரிகிற மாதிரி கீழே கண்ணாடிகள் பரப்பி நிறுத்தினோம். வெயில் மண்டையைப் பிளந்தது. நடுவர்கள் வரவில்லை. மத்தியானம் ஆனது, வரவில்லை. யாதிரா சுட்ட இறைச்சி வேண்டும் என்று அழுததால், சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுக் கடைப்பக்கம் அழைத்துக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது உன் வண்டியின் சத்தம் கேட்டு, உடனே நின்றுபோனது. ஓடினேன். தோன்யோ உள்ளேயிருந்து இறங்குகிறான்.

"எதுக்கு எடுத்த?"

"வண்டி கண்ணாடிக்கு நேரா இல்ல. ஒரு முழம் தள்ளி நிறுத்தினேன், அவ்ளோதான்."

"சூடாக விட்டியா?"

"ஒரு முழத்துக்கு எதுக்குச் சூடு?"

"அணைச்சா மூழ்கிடும்னு எரி எழுதினத உனக்குப் படிச்சுக் காட்டினேனே."

"அது பொம்பளைங்களுக்கு எழுதினது. நாங்க பாக்காத ரோட்டரியா?"

அதற்குள் நடுவர் வந்துவிட்டார், வெள்ளைத் தொப்பிக்காரர். உள்ளே உட்கார்ந்து தையலைத் தடவிப் பார்த்தார். மூன்று வருஷமும் நான் குழந்தையோடு வீட்டில் இருந்துவிட்டேன். என் தையலை ஒருவர் அப்படித் தடவிப் பார்ப்பதை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். அவர் சொன்னார்: "இந்தக் கைய எனக்குத் தெரியும். மூணு வருஷமா பாக்கறேன். எரிபெர்த்தோவுக்கு இவ்ளோ நயமான கையானு வீட்டுலகூடச் சொல்லியிருக்கேன்."

"யாரு கை?"

"அவர்தானே தெச்சது? தூக்கம் முழிச்சு உக்காந்து தெச்சேன்னு சொன்னாரே."

எரிபெர்த்தோ, என்னிடம் மெத்தைக்குப் பரிசா என்று மூஞ்சியைச் சுளித்தாய். அங்கே போய் அந்த மெத்தையை நீ தைத்ததாகச் சொல்லியிருக்கிறாய். உனக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது.

நான் சீட்டை முன்னால் சாய்த்து அடிப்பக்கத்தைக் காட்டினேன். ரெக்ஸின் பற்றாமல் தொழிற்சாலையில் மிஞ்சிய ராணுவப் பச்சைத் துணியை வைத்து மடித்திருக்கிறேன் இல்லையா, அதை. நீ இதுவரை குனிந்து பார்த்திருக்க மாட்டாய். அவர் என்னைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், "மன்னிக்கணும்மா" என்றார். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

சாயங்காலம் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: உள் அலங்காரம், முதல் இடம், சொரைதா கராபாயோ. என் பேர் மைதானம் முழுக்கக் கேட்டது. மிலாக்ரோஸ் என்னைக் கட்டிக்கொண்டாள். உனக்குத்தான் தெரியுமே, ஜெயித்த வண்டி தன் என்ஜினில் ஓடி மேடைக்கு வர வேண்டும், தள்ளிக்கொண்டு வரக் கூடாது. சாவியைத் திருப்பினேன். உறுமியது, இருமியது, எழுந்திருக்கவில்லை. மறுபடி. மறுபடி. கிளப் ஆம்பிளைகள் அத்தனை பேரும் பானெட்டுக்குள் தலையை விட்டு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பிளக்கைக் கழற்றித் துடைத்தார்கள். பேட்டரியும் படுத்துவிட்டது. ஒலிபெருக்கியில் இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள்.

எனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்ததோ தெரியவில்லை. தோன்யோ கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கி டிரைவர் சீட்டைக் கழற்றினேன். மாட்டியதும் நான்தானே, எந்த நட்டு எங்கே என்று தெரியும். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் மிலாக்ரோஸ், தூக்கிக்கொண்டு மைதானத்தைக் கடந்தோம். யாதிரா முன்னால் ஓடிக்கொண்டே, "வழி விடுங்க, அம்மா சீட்டு வருது" என்று கத்தினாள். ஜனங்கள் கை தட்டினார்கள். சிலர் சிரித்தார்கள்.

மேடையில் இருந்தவர், "வண்டிதாம்மா வரணும். சீட்டு வந்தா செல்லாது" என்றார்.

"பரிசு சீட்டுக்குத்தானே?"

"சீட்டுக்குத்தான். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே."

கோப்பையை இரண்டாவதாக வந்த மஞ்சள் டாட்சன்காரனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் சீட்டைப் புல்லில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். எல்லாரும் பார்க்கத்தான் அழுதேன்.

தோன்யோவின் பிக்கப்பில் கயிறு கட்டி இழுத்து வந்தோம். அந்த மஞ்சள் டாட்சன்காரன் மறுநாள் வீடு தேடி வந்து, அவன் வண்டிக்கும் தைத்துத் தர முடியுமா என்று கேட்டான். "யார் தெச்சதுனு கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றேன். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. "நீங்க தெச்சதுனு சொல்லுவேன், வேற என்ன சொல்றது?" என்றான்.

வேற என்ன சொல்வது, எரிபெர்த்தோ? நீ பதில் எழுது.

சொரைதா


கென்னட் ஸ்கொயர்
2 ஜூலை 1997

சொரைதா,

தோன்யோவை நான் சும்மா விடப் போவதில்லை. தலைவராம் தலைவர். ஒரு முழம் நகர்த்த ரோட்டரியை ஸ்டார்ட் செய்கிற மடையனை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். தள்ளியிருக்கலாமே.

இப்போது கவனமாகப் படி. பிளக் நான்கையும் கழற்று. பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, பிளக் இல்லாமல் கொஞ்சம் சுழல விடு. உள்ளே தேங்கியது துளை வழியாக வெளியே வரும், பக்கத்தில் யாதிராவை நிற்க விடாதே. துளைக்குள் சில சொட்டு எண்ணெய் விடு. புதுப் பிளக் போடு, பழையதைத் துடைத்துப் போடாதே. பேட்டரியை முழுக்க சார்ஜ் ஏற்று. எழுந்ததும் வெள்ளைப் புகை வரும், பயப்படாதே. துளைக்குள் விட, நான் டிக்கியில் வைத்திருக்கிற டப்பாவில் உள்ள எண்ணெய்தான், வேறு எதையும் ஊற்றாதே. சத்தத்தில் ஏதாவது வித்தியாசம் இருந்தால் உடனே எழுது.

அந்த நடுவர் ஏதோ உளறியிருக்கிறார். "நாங்க செஞ்சது" என்றுதான் நான் சொன்னேன். கூட்டத்தில் யார் காதில் என்ன விழுந்ததோ. அத்தனை பேர் முன்னால் பொண்டாட்டி தைத்த மெத்தைக்குத்தான் பரிசு என்று எவன் சொல்வான்? நீயே சொல். இதைப் போய்ப் பெரிசு பண்ணாதே.

ஒரு நல்ல சேதி. மேஸ்திரி மனசு மாறி ஆகஸ்ட் கடைசியில் லீவு தருகிறேன் என்கிறான். வண்டியைப் பார்க்க வருகிறேன். அதுவரை யாரும் அதைத் தொட வேண்டாம்.

எரிபெர்த்தோ


இசபெலா
20 ஜூலை 1997

எரிபெர்த்தோ,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிளக்குக்கு அத்தனை வரி எழுதியிருக்கிறாய். நான் புல்லில் உட்கார்ந்து அழுததற்கு ஒரு வரிகூட இல்லை. தள்ளியிருக்கலாமே என்று மட்டும் எழுதியிருக்கிறாய், அதுவும் தோன்யோவுக்கு.

நீ சொன்னபடியே நானும் மிலாக்ரோஸும் செய்தோம். எழுந்தது, வெள்ளைப் புகை வந்தது, போய்விட்டது. உன் என்ஜினுக்கு ஒரு கேடும் இல்லை. அதன் பிறகு தோன்யோவைக் கூப்பிட்டு அதை இறக்கச் சொன்னேன். கண்கலங்கிவிட்டான். "எரி என்னக் கொன்னுடுவான்" என்றான். "ஒரு முழத்துக்கு நீ குடுக்க வேண்டியது இது" என்றேன். இரண்டு நாள் வேலை. விபத்தில் நசுங்கிக் கிடந்த ஒரு கொரோலாவிலிருந்து சாதா என்ஜின் ஒன்றைக் கொண்டு வந்து அவனே பொருத்தினான். கிளட்ச்சையும் மாற்றிவிட்டான். முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோது அவனால் தாங்க முடியவில்லை. "ஐயோ, தையல் மிஷின் மாதிரி கத்துதே" என்றான். எனக்கு அந்தச் சத்தம் பழக்கம்தான் என்று சொன்னேன்.

உடனே எழுந்துகொள்கிறது. அணைத்தால் அணைகிறது. யாதிரா பிஸ்கட் சாப்பிடுகிறாள், நான் துடைத்துக்கொள்கிறேன், ரெக்ஸின் என்ன கண்ணாடியா? மஞ்சள் டாட்சனின் சீட் இப்போது வரவேற்பறையில் இருக்கிறது, பாதி தைத்தாகிவிட்டது. அவன் கூட்டாளிகள் இரண்டு பேர் கேட்டுப் போயிருக்கிறார்கள். உன் பேரைச் சொல்லி யாரும் வரவில்லை. என் பேரைச் சொல்லித்தான் வந்தார்கள்.

உன் மேல் ஆசை இல்லாமல் இல்லை. இருப்பதால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. அந்த எரு வாடையோடு வந்தாலும் கட்டிக்கொள்வேன். ஆனால் அந்தச் சுவரில் மடித்த பக்கமாக இருக்க இனி என்னால் முடியாது.

வண்டியைப் பார்க்க வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். உன் என்ஜின் போர்ட்டிகோவில் மரச்சட்டத்தின் மேல் இருக்கிறது. எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் சுற்றி, எறும்பு ஏறாமல் வைத்திருக்கிறேன். எதிரே நாற்காலியும் போட்டிருக்கிறேன், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். ஆகஸ்ட் கடைசியில் அகுவாதியாவில் ஒரு கண்காட்சி. என் பேரில் பதிவு செய்துவிட்டேன். நானும் யாதிராவும் அங்கே போயிருப்போம். வீட்டுச் சாவி மிலாக்ரோஸிடம் இருக்கும்.

எங்களைப் பார்க்க வருவதாக இருந்தால் அதை எழுது. போகாமல் வீட்டில் இருப்போம்.

சொரைதா